சென்னையில் பாக்சிங் கிளாஸ்: முதல் மாலைக்குப் போகிறவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

பாக்சிங் கற்றுக்கொள்ள ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் குத்துவதைப் பற்றியே யோசிக்கிறார்கள். ஒரு மாலை முழுக்க கிளாஸில் இருந்து பாருங்கள். அங்கே நடக்கிற வேலையில் பாதி இன்னொருவருக்காகச் செய்வதாக இருக்கும். ஒருவர் குத்த, ஒருவர் கையில் மாட்டிய மெத்தையில் அதை வாங்கிக்கொள்கிறார், அதாவது பேடு பிடிக்கிறார். ஒருவர் தொங்குகிற பேக்கில் அடிக்க, அது ஊசலாடாமல் இன்னொருவர் தோள் கொடுத்து நிற்கிறார். கிளவுஸ் போட்ட கையால் பாட்டில் மூடியைத் திறக்க முடியாது என்பதால், ரவுண்டுக்கு நடுவே யாரோ வந்து உங்கள் வாயில் தண்ணீர் ஊற்றுகிறார். ஜாப் என்கிற முன்கைக் குத்தை எப்படிப் போடுவது என்பதும் இந்த வழிகாட்டியில் இருக்கிறது. ஆனால் நான் அதிக இடம் கொடுத்திருப்பது, கூட ஆடுகிறவரை எப்படிப் பார்த்துக்கொள்வது என்பதற்குத்தான். அது தெரியாதவருக்கு யாரும் நல்ல ரவுண்டு கொடுக்க மாட்டார்கள். நல்ல ரவுண்டு கிடைக்காதவர் எத்தனை வருஷம் வந்தாலும் பேக்கைக் குத்திக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

மாலை ஐந்தரைக்குத் தொடங்கி எட்டு மணிக்கு முடிகிற ஒரு சாதாரண கிளாஸை மனதில் வைத்துச் சொல்கிறேன்.

எங்கே சேர்வது

சென்னையில் இரண்டு விதமான இடங்கள் உண்டு. வடசென்னைப் பக்கம் மாநகராட்சிக் கட்டிடத்திலோ, விளையாட்டுத் திடல் ஓரத்திலோ, மேலே தகர ஷீட் போட்ட கொட்டகையிலோ நடக்கிற கிளாஸ்கள் ஒரு விதம். அண்ணா நகர், வேளச்சேரி மாதிரி இடங்களில் கண்ணாடிச் சுவரும் ஏசியுமாக இருக்கிற ஜிம்கள் இன்னொரு விதம். எது உயர்ந்தது என்ற கேள்வியே தேவையில்லை. வசதியை வைத்து முடிவு செய்யாதீர்கள். சேர்வதற்கு முன் ஒரு நாள் மாலை சும்மா போய் உட்கார்ந்து பாருங்கள். "மாஸ்டர், இன்னிக்கு பாத்துட்டுப் போறேன்" என்று சொன்னால் நல்ல மாஸ்டர் யாரும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்.

உட்கார்ந்திருக்கும்போது ஸ்பாரிங், அதாவது இருவர் பயிற்சிக்காக மோதுவது, நடக்கிற நேரத்தைத் தவறவிடாதீர்கள். ஒருவர் நல்ல அடி வாங்கி நிலைதடுமாறினால் யார் நிறுத்துகிறார்கள்? மாஸ்டர் ரிங் ஓரத்தில் நின்று பார்க்கிறாரா, போனில் பேசிக்கொண்டிருக்கிறாரா? நேற்று சேர்ந்த பையனை இன்றைக்கே ரிங்கில் ஏற்றி, மற்றவர்கள் சுற்றி நின்று சிரிக்கிறார்களா? அப்படி இருந்தால் அந்த இடம் வேண்டாம். பெண்கள் பயிற்சிக்கு வருகிறார்களா என்றும் பாருங்கள். உடை மாற்றத் தனி இடம் இருக்கிறதா, பெண்களுக்கும் பையன்களுக்குச் சொல்லித்தருவது போலவே சொல்லித்தருகிறார்களா என்பதில் அந்த கிளாஸின் குணம் தெரிந்துவிடும். 2012 லண்டன் ஒலிம்பிக்கில்தான் பெண்கள் பாக்சிங் முதன்முதலில் சேர்க்கப்பட்டது. அந்த முறையே மேரி கோம் வெண்கலம் வாங்கினார். அதற்குப் பிறகும் பெண்களை ஓரமாக நிறுத்தி ஸ்கிப்பிங் மட்டும் போடச் சொல்கிற இடத்தில் காசைக் கொடுக்காதீர்கள்.

கட்டணத்தை நேராகக் கேட்டுவிடுங்கள். வடசென்னையில் காசு வாங்காமல் சொல்லித்தருகிற மாஸ்டர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் சேர்ந்தால், பழைய பேடு கிழியும்போது புதுசு வாங்கித்தருவது மாதிரி ஏதாவது செய்யப் பாருங்கள்.

என்ன வாங்குவது

முதல் வாரத்துக்கு ஹேண்ட் ராப் ஒரு ஜோடி, ஒரு துண்டு, தண்ணீர் பாட்டில் போதும். ராப்பை இங்கே பலர் பேண்டேஜ் என்றே சொல்வார்கள். 180 அங்குல நீளம், அதாவது சுமார் நாலரை மீட்டர் உள்ளதாகக் கேளுங்கள். 120 அங்குலம் சிறுவர்களின் சின்னக் கைக்குத்தான் சரி. நேரு ஸ்டேடியத்தைச் சுற்றியும் பெரியமேட்டுப் பக்கமும் விளையாட்டுச் சாமான் கடைகள் இருக்கின்றன. நேரில் போய்க் கையில் மாட்டிப் பார்த்து வாங்குவதுதான் நல்லது.

கிளவுஸை மாஸ்டரிடம் கேட்டு இரண்டாம் வாரத்தில் வாங்குங்கள். பேக்குக்கும் பேடுக்கும் 12 அவுன்ஸ், ஸ்பாரிங்குக்கு 16 அவுன்ஸ் என்பது பொதுவான கணக்கு. எடை கம்மியாக இருப்பவர்கள் ஸ்பாரிங்குக்கு 14 போடலாம். ஸ்பாரிங் கிளவுஸ் பெரிதாக இருப்பது உங்கள் கைக்காக மட்டுமில்லை, எதிரில் நிற்பவரின் முகத்துக்காகவும்தான். பேக்கில் அடித்து அடித்துப் பஞ்சு இறுகிப்போன கிளவுஸை ஸ்பாரிங்குக்குக் கொண்டுவராதீர்கள்.

ஸ்பாரிங் ஆடும்போது பல்லைக் காக்கிற மவுத்கார்டு கட்டாயம். வெந்நீரில் போட்டுக் கடித்துப் பதிய வைக்கிற வகை போதும். எத்தனை விநாடி போட வேண்டும் என்று அட்டையில் இருக்கும், அதன்படி செய்யுங்கள். பல்லுக்குக் கம்பி போட்டிருந்தால் பல் டாக்டரைக் கேட்காமல் எதுவும் வாங்க வேண்டாம். பாக்சிங் ஷூவுக்கு இப்போது அவசரமில்லை. ஆனால் குதிகால் தடித்த ரன்னிங் ஷூ திரும்பும்போது காலை இழுக்கும். தட்டையான சாதாரண கேன்வாஸ் ஷூ அதைவிட மேல்.

சாப்பாடும் தண்ணீரும்

நாலு மணிக்கு இரண்டு இட்லி, இல்லையென்றால் ஒரு வாழைப்பழமும் ஒரு கை வேர்க்கடலையும். பஜ்ஜி, போண்டா, பரோட்டா எதுவும் கூடாது. வயிறு நிரம்பியிருக்கும்போது வயிற்றில் ஒரு குத்து விழுந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

சென்னையில் கவனிக்க வேண்டியது வெயிலைவிடப் புழுக்கம். கடற்காற்று வந்தபிறகும் கொட்டகைக்குள் வேர்வை காயாது. காயாத வேர்வை உடம்பைக் குளிர்விக்காது. மத்தியானத்திலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள். பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடை பார்த்தால் கணக்கு தெரியும்: 1 கிலோ குறைந்திருந்தால் அடுத்த சில மணி நேரத்தில் ஒன்றேகால் முதல் ஒன்றரை லிட்டர் வரை உள்ளே போக வேண்டும். வெறும் தண்ணீரோடு உப்புப் போட்ட மோரும் சேர்ந்தால் நல்லது. எடை குறைப்பதற்காக மே மாதத்தில் பிளாஸ்டிக் சூட் போட்டுக்கொண்டு ஓடுகிற பையன்களைப் பார்ப்பீர்கள். அதைப் பார்த்து நீங்களும் செய்யாதீர்கள். வெப்பத்தால் மயங்கி விழுவது உயிருக்கே ஆபத்து.

உள்ளே நுழைந்ததும்

செருப்பை வெளியே விடுங்கள். மாஸ்டருக்கு வணக்கம் சொல்லுங்கள், அப்புறம் அங்கிருக்கிற எல்லோருக்கும் கை கொடுங்கள். பத்து வயசுப் பையன் இருந்தாலும் அவனுக்கும்தான். வயதில் பெரியவர்கள் அண்ணன், அக்கா. சின்னவர்கள் தம்பி, பாப்பா. சொல்லித்தருகிறவர் மாஸ்டர், பழைய ஆட்கள் வாத்தியார் என்பார்கள். ஆபீசில் உங்களுக்கு என்ன பதவி என்று இங்கே யாரும் கேட்க மாட்டார்கள், நீங்களும் சொல்ல வேண்டாம். உங்களுக்கு முதல் பாடம் எடுக்கப்போவது மீன் மார்க்கெட்டில் வேலை செய்கிற பத்தொன்பது வயசுத் தம்பியாக இருக்கலாம். அவன் "கால மாத்து ணே" என்றால் மாற்றுங்கள்.

ரிங்கில் ஏறும்போது தரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வது பலருக்குப் பழக்கம். செய்தே ஆக வேண்டும் என்றில்லை. வெளியே நடந்த ஷூவோடு ரிங்கில் ஏறாமல் இருந்தால் போதும்.

ஏற்கெனவே அடிபட்ட தோள், மூட்டு, ஆஸ்துமா, வலிப்பு, இதயப் பிரச்சினை ஏதாவது இருந்தால் முதல் நாளே மாஸ்டரிடம் தனியாகச் சொல்லிவிடுங்கள். இதை மறைப்பது கூட ஆடுகிறவருக்கும் செய்கிற துரோகம். தெரியாமல் உங்களை அடித்துவிட்டு வாழ்நாள் முழுக்க வருத்தப்படப்போகிறவர் அவர்தான்.

கை கட்டுவது

முதல் நாள் யாராவது கட்டிவிடுவார்கள். மூன்றாம் நாளாவது நீங்களே கட்ட வேண்டும். கையில் இருப்பது சின்னச் சின்ன எலும்புகள். முஷ்டி என்பது அவற்றை ஒன்றாகச் சேர்த்துக் கட்டிய ஒரு கட்டு, அவ்வளவுதான். அந்தக் கட்டு தளர்ந்திருந்தால் முதலில் உடைவது பெரும்பாலும் சுண்டுவிரலுக்குக் கீழே புறங்கையில் இருக்கிற எலும்பு.

ராப்பின் முனையில் இருக்கிற வளையத்தைக் கட்டைவிரலில் மாட்டுங்கள். துணி புறங்கை வழியாகப் போக வேண்டும், உள்ளங்கை வழியாக அல்ல. விரல்களை அகல விரித்து வைத்துக்கொள்ளுங்கள். கட்டி முடிக்கும்வரை அப்படியே இருக்கட்டும். முஷ்டியை மடக்கிக்கொண்டு கட்டினால் ஒன்று தளர்ந்துபோகும், இல்லையென்றால் விரித்தால் அறுக்கும்.

மணிக்கட்டை மூன்று சுற்று. மணிக்கட்டு நேராக இருக்கிறதா என்று பாருங்கள், மேலேயோ கீழேயோ மடிந்திருக்கக் கூடாது. அடுத்து விரல் முட்டிகளின் மேல் மூன்று சுற்று. ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றின் மேல் பாதி ஏறி உட்கார வேண்டும், சுருக்கம் கூடாது. சின்னச் சுருக்கம்கூட நாலாவது ரவுண்டில் தோலை உரித்துவிடும்.

அப்புறம் விரல் இடுக்குகள். மணிக்கட்டிலிருந்து புறங்கை வழியாக மேலே வந்து சுண்டுவிரலுக்கும் மோதிரவிரலுக்கும் நடுவே நுழைத்து, உள்ளங்கை வழியாக மணிக்கட்டுக்கே திரும்பி வாருங்கள். இதே மாதிரி மோதிரவிரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் ஒன்று, நடுவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையில் ஒன்று. கட்டைவிரலை ஒரு சுற்றுச் சுற்றி, மறுபடி மணிக்கட்டுக்கு இறங்குங்கள். மீதி இருப்பதை முட்டிகளின் மேல் இன்னொரு முறை சுற்றி, மணிக்கட்டில் வெல்க்ரோவை ஒட்டி முடியுங்கள்.

இப்போது முஷ்டியை மடக்குங்கள். மடக்கும்போது இறுக்கமாக, விரிக்கும்போது இதமாக இருந்தால் சரி. விரல் நுனி மரத்தாலோ நிறம் மாறினாலோ அவிழ்த்து மறுபடி கட்டுங்கள். பக்கத்தில் புதிதாக வந்தவர் தடுமாறிக்கொண்டிருந்தால் அவருக்கும் கட்டிவிடுங்கள். கிளாஸில் நட்பு பெரும்பாலும் இந்த ஐந்து நிமிஷத்தில்தான் ஆரம்பிக்கும். கையை நீட்டிக்கொண்டு எதிரெதிரே உட்கார்ந்திருக்கும்போது பேசாமல் இருக்க முடியாது.

ஸ்கிப்பிங்

கயிற்றின் நடுவில் நின்று பிடியை மேலே இழுத்தால் அக்குள் வரை வர வேண்டும். முழங்கை விலாவோடு ஒட்டி இருக்கட்டும், சுற்றுவது மணிக்கட்டு மட்டும். தரையிலிருந்து ஒரு அங்குலத்துக்கு மேல் குதிக்க வேண்டாம். மூன்று நிமிஷம் ஆட்டம், ஒரு நிமிஷம் ஓய்வு என்று பெல் அடிக்கும். அமெச்சூர் போட்டியில் மூன்று நிமிஷமாக மூன்று ரவுண்டு என்பதால் எல்லாமே அந்தத் தாளத்தில்தான் ஓடும். புதியவர்கள் இரண்டு நிமிஷத்தில் நிறுத்திக்கொள்ளலாம். கயிறு காலில் சிக்கினால் யாரும் பார்க்கப்போவதில்லை, எல்லோரும் அவரவர் கயிற்றோடு இருப்பார்கள்.

நிற்பதும் ஜாபும்

வலதுகைக்காரர் என்றால் இடது கால் முன்னே. கால்களுக்கு இடையில் தோள் அகலம். பின்கால் குதிகால் லேசாக எழும்பி இருக்கட்டும். இரண்டு கையும் கன்னத்தை ஒட்டி, முழங்கை விலாவைக் காத்து, தாடை மார்பை நோக்கி இறங்கி. இடதுகைக்காரர்கள் அப்படியே திருப்பிப் போட்டுக்கொள்ளுங்கள். அதைத்தான் சவுத்பா என்கிறார்கள்.

நகர்வதற்கு ஒரே விதி: எந்தப் பக்கம் போகிறீர்களோ அந்தப் பக்கத்துக் கால் முதலில். முன்னே போக முன்கால், பின்னே போக பின்கால், இடப்பக்கம் போக இடது கால். கால் ஒன்றையொன்று தாண்டவே கூடாது. தாண்டுகிற நேரத்தில் ஒரு சின்னத் தட்டு பட்டாலும் விழுந்துவிடுவீர்கள். முதல் மாதம் முழுக்க மாஸ்டர் இதையே செய்யச் சொன்னால் சலித்துக்கொள்ளாதீர்கள். அவர் சரியாகச் சொல்லித்தருகிறார் என்று அர்த்தம்.

ஜாப் என்பது முன்கையின் நேர்குத்து. கன்னத்திலிருந்து நேராகப் போய், போய்ச்சேருகிற நேரத்தில் முஷ்டி திரும்பி உள்ளங்கை தரையைப் பார்க்க வேண்டும். அந்த நேரத்தில் தோள் எழும்பி உங்கள் தாடையை மறைக்கும். பட வேண்டியது ஆள்காட்டி விரல் முட்டியும் நடுவிரல் முட்டியும். போன வழியிலேயே கை திரும்பி வர வேண்டும், கீழே தொங்கி வரக் கூடாது. "கைய எறக்காதபா! கைய எறக்காத!" என்பதுதான் எந்த பாக்சிங் கிளாஸிலும் அதிகம் கேட்கிற வாக்கியம். குத்தும்போது "ஸ்" என்று மூச்சை வெளியே விடுங்கள். மூச்சை அடக்கிக்கொண்டு குத்தினால் ஒரே ரவுண்டில் களைத்துப்போவீர்கள்.

பின்கை நேர்குத்து கையிலிருந்து வருவதில்லை. பின்கால் விரல் நுனியில் சுழல, இடுப்பு திரும்ப, கடைசியாகக் கை போகும். பக்கவாட்டில் வளைந்து வருகிற ஹுக், கீழிருந்து மேலே போகிற அப்பர்கட் எல்லாம் அப்புறம். இந்த இரண்டையும் கண்ணாடி முன் நின்று காற்றில் போடுவதற்குப் பெயர் ஷேடோ. எதிரில் ஒருவர் இருப்பதாக நினைத்துக்கொண்டு போடுங்கள். அவரும் குத்துவார் என்று நினைத்தால்தான் தலை தானாக அசையும்.

பேக்

பேக் திருப்பி அடிக்காது என்பதால் அதில் கெட்ட பழக்கங்கள் சீக்கிரம் வரும். பலத்தைக் காட்ட வேண்டாம். மூன்று குத்துப் போட்டு ஒரு அடி நகருங்கள், மறுபடி போடுங்கள். நேராக விழுந்த குத்தில் பேக் அதிர்ந்து நிற்கும். தள்ளிய குத்தில் தூரப் போய் ஆடும். சத்தத்தை வைத்தே மாஸ்டர் திரும்பிப் பார்க்காமல் "தள்ளாத, குத்து" என்பார்.

பேடு பிடிப்பது

பேடு பிடிப்பதை யாரும் ஒரு கலையாகவே பேசுவதில்லை. எனக்கு அதில் வருத்தம் உண்டு. நன்றாகப் பேடு பிடிக்கிறவர் ஒருவர் இருந்தால் அந்த கிளாஸில் எல்லோரும் முன்னேறுவார்கள். அவர் ஒரு போட்டியில்கூட ஏறியிருக்க மாட்டார், சுவரில் அவர் படம் இருக்காது. ஆனால் அவர் ஒரு வாரம் ஊருக்குப் போய்விட்டால் கிளாஸே களையிழந்துபோகும்.

முதலில் பேசிக்கொள்ளுங்கள். ஒன்று என்றால் ஜாப், இரண்டு என்றால் பின்கை நேர்குத்து, மூன்று என்றால் முன்கை ஹுக் என்பது பல இடங்களில் இருக்கிற கணக்கு. எந்தப் பேடில் எந்தக் குத்து விழ வேண்டும் என்பது மாஸ்டருக்கு மாஸ்டர் மாறும். ஆரம்பிக்கும் முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். கூப்பிடும் குரல் தெளிவாக இருக்கட்டும். "ஒண்ணு… ஒண்ணு ரெண்டு… ஒண்ணு ரெண்டு மூணு…" என்று ஒரே தாளத்தில் போகாமல் இடையிடையே காக்க வையுங்கள். எதிரில் நிற்கிறவர் பார்த்துக் குத்தக் கற்றுக்கொள்வது அப்படித்தான்.

பேடு உங்கள் முகத்துக்குப் பக்கத்தில், குத்துகிறவரின் தாடை உயரத்தில் இருக்கட்டும். பக்கவாட்டில் அகலமாக விரித்துப் பிடித்தால் அவர் ஆளில்லாத இடத்தில் குத்தப் பழகிவிடுவார். முழங்கை மடிந்திருக்க வேண்டும். கையை நீட்டிப் பிடித்தால் அடி நேராக உங்கள் தோள்மூட்டில் இறங்கும். குத்து வருகிற நேரத்தில் பேடை ஒரு சில அங்குலம் மட்டும் முன்னே கொடுத்து வாங்குங்கள். கொடுக்காமல் பின்னே இழுத்தால் குத்துகிறவரின் முழங்கை காற்றில் முழுதாக நீண்டு வலி பிடிக்கும். எட்டிப் போய் அறைந்தால் அவருடைய மணிக்கட்டு மடங்கும். இரண்டு தவறிலும் வலிக்கப்போவது எதிரில் இருப்பவருக்கு. அதனால்தான் பேடு பிடிப்பது குத்துவதைவிடப் பொறுப்பான வேலை என்கிறேன்.

அவர் ஜாப் போட்டுவிட்டுக் கையைக் கீழே விட்டால் பேடால் கன்னத்தில் மெதுவாக ஒரு தட்டு. அடி அல்ல, ஞாபகப்படுத்துகிற தட்டு. நல்ல குத்து விழுந்தால் "அதான்!" என்று சொல்லுங்கள். கடைசி முப்பது விநாடியில் ஆள் சோர்ந்துபோயிருப்பார், அப்போது குரலை உயர்த்துங்கள். பெல் அடித்ததும் பேடைக் கழற்றி வைத்துவிட்டுத் தண்ணீரை எடுத்து அவருக்குக் கொடுங்கள், நீங்கள் அப்புறம் குடியுங்கள். அடுத்த ரவுண்டில் அவர் உங்களுக்குப் பிடிப்பார்.

ஸ்பாரிங்

மாஸ்டர் சொல்லும்வரை கேட்காதீர்கள். ஒரு மாதமோ மூன்று மாதமோ ஆகலாம். சொன்ன பிறகும் உங்களுக்கு மனசில்லை என்றால் வேண்டாம் என்று சொல்லலாம். அதில் எந்தக் கேவலமும் இல்லை.

மவுத்கார்டு, ஹெட்கார்டு, ஆண்களுக்கு அடிவயிற்றுக்குக் கீழே காக்கிற அப்டமன் கார்டு, 16 அவுன்ஸ் கிளவுஸ். நெற்றியிலும் கன்னத்து எலும்பிலும் வாசலின் தடவிவிடுவார்கள், தோல் கிழியாமல் இருக்க. 2016 ரியோ ஒலிம்பிக்கில் ஆண்கள் ஹெட்கார்டு இல்லாமல்தான் ஆடினார்கள் என்று யாராவது சொல்வார்கள். உண்மைதான். ஆனால் அது தேர்ந்த வீரர்களின் போட்டி. ரிங் ஓரத்தில் டாக்டர் இருப்பார். கிளாஸில் போடத்தான் வேண்டும். ஹெட்கார்டு வெட்டுக்காயத்தைக் குறைக்கும், மூளை குலுங்குவதை நிறுத்தாது என்பதும் நினைவிருக்கட்டும். அதனால் ஹெட்கார்டு போட்டிருக்கிறார் என்று பலமாக அடிக்க எந்த உரிமையும் இல்லை.

ஏறும் முன் எதிராளியிடம் நேராகக் கேளுங்கள்: "எவ்ளோ போடலாம் ணே?" பாதி பலத்துக்கும் கீழே என்று ஒத்துக்கொள்ளுங்கள். முதல் சில வாரங்களுக்கு ஜாப் மட்டும், அல்லது வயிற்றுக்கு மட்டும் என்று மாஸ்டரே வரையறை போடுவார். கிளவுஸைத் தொட்டுவிட்டு ஆரம்பியுங்கள். தவறிப்போய்ப் பலமாக விழுந்துவிட்டால் கையைத் தூக்கி "சாரி ணே" என்று காட்டி ஒரு அடி பின்னே போங்கள். அவர் தலையசைத்த பிறகு தொடருங்கள். முதுகைத் திருப்பினாலோ, கண்ணை மூடிக்கொண்டு சுருண்டாலோ நிறுத்துங்கள். உங்களைவிட எடை குறைந்தவரோடு ஆடும்போது வேகத்தைக் காட்டுங்கள், பலத்தைக் காட்டாதீர்கள்.

நீங்கள் அடி வாங்கும்போது கோபம் வரும். அது எல்லோருக்கும் வரும். கோபம் வந்தால் பின்காலில் ஒரு அடி விலகி, கையை ஏற்றி, இரண்டு மூச்சு விடுங்கள். அப்படியும் அடங்காவிட்டால் "மாஸ்டர், போதும்" என்று சொல்லி இறங்கிவிடுங்கள். கோபத்தோடு ஆடுகிறவரோடு ரவுண்டு போட அடுத்த வாரம் யாரும் வர மாட்டார்கள்.

மூக்கில் ரத்தம் வந்தால் தலையை முன்னால் சாய்த்து, மூக்கின் மென்மையான பகுதியைப் பத்து நிமிஷம் விடாமல் அழுத்திப் பிடியுங்கள். அண்ணாந்து பார்க்கக் கூடாது, ரத்தம் தொண்டைக்குள் போகும்.

தலையில் அடிபட்ட பிறகு தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல், வெளிச்சம் கூசுவது, இப்போது எந்த ரவுண்டு என்றே தெரியாமல் முழிப்பது, இதில் எது இருந்தாலும் அன்றைக்கு ஆட்டம் முடிந்தது. உடனே சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் பக்கத்தில் இருப்பவர் சொல்ல வேண்டும். அவரை வண்டி ஓட்ட விடாதீர்கள். தனியாகவும் அனுப்பாதீர்கள், யாராவது வீடு வரை கூடப் போங்கள். வாந்தி திரும்பத் திரும்ப வந்தாலோ, தலைவலி கூடிக்கொண்டே போனாலோ, பேச்சு குழறினாலோ, எழுப்ப எழுப்பத் தூங்கினாலோ 108-ஐக் கூப்பிடுங்கள், விடிந்ததும் பார்க்கலாம் என்று இருக்க வேண்டாம். டாக்டர் சொல்லும்வரை ரிங் பக்கம் வரக் கூடாது. அமெச்சூர் போட்டிகளில் தலையில் அடிபட்டு நாக்அவுட் ஆனவருக்குக் குறைந்தது 30 நாள் கட்டாய ஓய்வு என்று விதியே இருக்கிறது. கிளாஸில் அந்த விதியைக் காப்பாற்ற அதிகாரி யாரும் இல்லை. கூட ஆடுகிறவர்கள்தான் காப்பாற்ற வேண்டும்.

கடைசி அரை மணி

வயிற்றுப் பயிற்சி, கழுத்துப் பயிற்சி, கை கால்களை நீட்டி விடுவது. எல்லோரும் வட்டமாகப் படுத்துக்கொண்டு ஆளுக்குப் பத்தாக எண்ணுவார்கள். உங்கள் முறை வரும்போது சத்தமாக எண்ணுங்கள். அப்புறம் ரிங்கைத் துடைக்க வேண்டும். வேர்வையும் எச்சிலும் காய்ந்த தரையில் தோல் நோய் சீக்கிரம் பரவும், மழைக்காலத்தில் வழுக்கவும் செய்யும். துடைப்பான் எங்கே இருக்கிறது என்று முதல் நாளே கேட்டு வைத்துக்கொண்டு, யாரும் சொல்லும் முன் எடுத்துவிடுங்கள். ராப்பைச் சுருட்டுவதும் அப்போதுதான். ஒருவர் முனையைப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் சுருட்டிக்கொண்டே வருவார்.

டீக்கடை

கிளாஸ் முடிந்ததும் நேராக வீட்டுக்கு ஓடாதீர்கள். தெருமுனைக் கடையில் அவித்த முட்டையைப் பிளந்து மிளகுத்தூளும் உப்பும் தூவிக் கொடுப்பார்கள். இரண்டு முட்டையும் ஒரு தட்டுச் சுண்டலும் சாப்பிட்டால் உடம்புக்குத் தேவையான புரதம் ஓரளவு உள்ளே போய்விடும். அரை மணி நேரத்துக்கு முன் உங்கள் மூக்கில் ஜாப் போட்டவர் உங்களுக்கும் சேர்த்துக் காசு கொடுப்பார். அடுத்த முறை நீங்கள் கொடுங்கள்.

அங்கே பெரியவர் ஒருவர் கட்டாயம் இருப்பார். அவரைப் பேச விடுங்கள். சார்பட்டா பரம்பரை, இடியப்ப நாயக்கர் பரம்பரை என்று குத்துச்சண்டை அணிகளாக வடசென்னை பிரிந்து நின்று மோதிய காலத்தைச் சொல்வார். அந்த ஆட்டத்துக்கு ரோஷமான குத்துச்சண்டை என்று பெயர். 1980-இல் முகமது அலியே இந்த ஊருக்கு வந்து நேரு ஸ்டேடியத்தில் முன்னாள் ஹெவிவெயிட் சாம்பியன் ஜிம்மி எல்லிஸுடன் காட்சிப் போட்டி ஆடியதைச் சொல்வார். 1992 பார்சிலோனா ஒலிம்பிக்குக்குப் போய், 1994-இல் பாங்காக் உலகக் கோப்பையில் வெண்கலம் வாங்கிய நம்ம வி. தேவராஜன் பேச்சு வரும். கேட்டுக்கொண்டிருக்கும் பையன்களின் முகத்தைப் பாருங்கள். போட்டிக்குப் போக வேண்டும் என்ற ஆசை பலருக்கு ரிங்கில் வருவதைவிட இந்தக் கடை பெஞ்சில்தான் வருகிறது. அந்த ஆசை உங்களுக்கும் வந்தால் மாஸ்டரிடம் சொல்லுங்கள். மருத்துவச் சான்றிதழ், வயதுச் சான்று, மாவட்டச் சங்கத்தில் பதிவு என்று அவர் வழி சொல்வார். வராவிட்டாலும் குறையில்லை, போட்டியே ஆடாமல் வருஷக்கணக்கில் வருகிறவர்கள் எல்லா கிளாஸிலும் இருக்கிறார்கள்.

வீட்டுக்குப் போனதும்

முதல் வேலை குளியல். ராப்பை அன்றைக்கே துவையுங்கள். துவைக்கும் முன் வெல்க்ரோவை ஒட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் மற்ற துணியையெல்லாம் பிராண்டிவிடும். கிளவுஸை பையிலேயே விட்டுவிட்டால் சென்னைப் புழுக்கத்தில் இரண்டே நாளில் பூஞ்சை பிடிக்கும். உள்ளே உலர்ந்த துணியால் துடைத்து, நியூஸ்பேப்பரைக் கசக்கித் திணித்து, ஃபேன் காற்றில் நிழலில் வையுங்கள். வெயிலில் வைத்தால் தோல் வெடிக்கும். படர்தாமரை மாதிரி ஏதாவது தோலில் தெரிந்தால் ஆறும்வரை பொதுக் கிளவுஸைத் தொடாதீர்கள், மாஸ்டரிடமும் சொல்லிவிடுங்கள்.

அடுத்த நாள் தோளும் கெண்டைக்காலும் வலிக்கும், அது இரண்டு மூன்று நாளில் போய்விடும். விரல் முட்டியிலோ மணிக்கட்டிலோ ஒரே இடத்தில் வீங்கி, தொட்டாலே சுரீர் என்று வலித்தால் மட்டும் எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கள். அப்படிக் கை கட்டுப் போட வேண்டி வந்தாலும் கிளாஸை நிறுத்த வேண்டாம், மாஸ்டருக்குப் போன் பண்ணிவிட்டு வந்துவிடுங்கள். ரவுண்டுக்கு பெல் அடிக்க, தண்ணீர் கொடுக்க, புதிதாக வந்தவரின் கால் சரியாக இருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல ஒரு ஆள் எப்போதும் தேவைப்படும்.